பெட்டிக்குள் போனால் முரண்டு

பெட்டியை மூடி, கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, "ம், இப்ப மிதி" என்றாள் அக்கா.

தம்பி மிதித்தான். கிடார் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தான். கிடாரின் குரல் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து "ம்ம்ம்ங்ங்" என்று ஓர் இரைச்சல்தான் வந்தது, பழைய ஃப்ரிட்ஜ் குறட்டை விடுவது மாதிரி.

"இதுக்கு நானே வாயால இரைஞ்சுக்கலாமேக்கா" என்றான்.

"சும்மா இருடா. சாயங்காலம் நீ மேடையேறணும்."

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் மீட்டர் செய்யும் கம்பெனியில் அவளைவிட வயதில் மூத்த சூப்பர்வைசருக்கும் அவள் அக்காதான். வேலை செய்யாமல் ஒதுக்கப்படும் போர்டுகளெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, எங்கே ஈயம் ஒட்டவில்லை, எங்கே பாகத்தின் கால் துளை மாறியிருக்கிறது என்று பார்த்து, உயிர் கொடுத்து அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவள், கூடப்பிறந்த தம்பிக்குச் செய்த ஒரு சின்னப் பெட்டியோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால், அதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்?

பெட்டி என்றால் கிடார் பெடல். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். ஒருபக்கத் துளையில் கிடாரிலிருந்து வரும் வயர், மறுபக்கத் துளையில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர். மேலே உள்ள சுவிட்சைக் காலால் ஒரு மிதி மிதித்தால், அதுவரை சாதுவாக இருந்த கிடார் தொண்டை கரகரத்து, கேட்பவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். இன்னொரு மிதி, பழையபடி சாது. அன்றைக்குச் சாயங்காலம் தம்பியின் குழு ஒரு மண்டபத்தில் வாசிக்கிறது. அவன் வைத்திருந்த கடைப் பெடலோ மழையில் நனைந்து கண்ணை மூடிவிட்டது. "நீயே ஒண்ணு பண்ணிக் குடேன்க்கா" என்று போனில் கேட்டிருந்தான். அக்கா யோசிக்கவேயில்லை. "பண்றேன். ஆனா வீட்டுக்கு வந்துதான் வாங்கிக்கணும்" என்றாள்.

அந்த 'வீட்டுக்கு வந்து' என்பதுதான் விஷயமே. பெடல் ஒரு சாக்கு.

தம்பி அந்த வீட்டுப் படியேறி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. காரணம் அக்காவின் வீட்டுக்காரர். கார் பெயின்டர். தெருவைத் தாண்டினால் அவர் பட்டறை. போன வருஷம் ஒருநாள் தம்பி கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போனான். "மாமா, டீ குடிக்கப் போலாமா?" என்று கேட்டபடியே கிடாரைக் கழற்றி ஒரு கார்க் கதவில் சாய்த்து வைத்தான். அப்போதுதான் பெயின்ட் அடித்துக் காயவிட்டிருந்த கதவு. கிடார் சறுக்கியது. கதவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்தினார் பெயின்டர். அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். இவன் வாய் சும்மா இருக்குமா? "ஒரு கோடுதானே மாமா, அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றான். ஒரு பெயின்டரைப் பார்த்து 'ஒரு கோடுதானே' என்று கேட்கலாமா? நீங்களே சொல்லுங்கள். "இனிமே இந்தப் பட்டறை வாசல்ல காலை வைக்காதே" என்றார் அவர். "நீங்க கையைப் பிடிச்சு இழுத்தாலும் வரமாட்டேன்" என்றான் இவன்.

அன்றோடு சரி. தம்பியின் வாயில் 'மாமா' போய் 'உன் வீட்டுக்காரர்' வந்துவிட்டது. பெயின்டரின் வாயில் 'மாப்ளே' போய் 'உன் தம்பி' வந்துவிட்டது. இரண்டும் ரோஷத்துக்குப் பிறந்தவை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அக்கா. தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கூட்டத்தில் நின்றுகொண்டே நாலு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். சொந்தத் தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று பஸ்ஸில் திரும்பும்போது அழுததும் உண்டு.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஈயப் புகை கிளம்பியபோது பெயின்டர் ஒன்றுமே கேட்கவில்லை. யாருக்குச் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பெடலுக்கான போர்டு முடிந்தது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினியப் பெட்டியில் துளை போட்டு எல்லாவற்றையும் பொருத்தினாள். தம்பி போன வருஷம் விட்டுவிட்டுப் போன சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி எடுத்து, போனில் ஒரு பாட்டைப் போட்டு பெடல் வழியாக விட்டுப் பார்த்தாள். அருமையாகக் கரகரத்தது.

மறுநாள் காலையில் பெயின்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, சுவரிடம் சொல்வது மாதிரி, "வெறும் அலுமினியம் மேடையில பார்க்க அசிங்கமா இருக்கும்" என்றார். பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இருங்க இருங்க, உள்ள இருக்கிறதைக் கழட்டித் தர்றேன்!" என்று அக்கா வாசல்வரை ஓடினாள். சந்தோஷத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்றினாள்.

பெட்டி திரும்பி வந்தபோது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல ஆழமான நீலம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அதிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. எங்கேயும் ஒரு தூசி, ஒரு சொட்டு, ஒரு மேடு கிடையாது. "மூலை முடுக்கு, துளையோட ஓரம், எதையும் விடல. விட்டா அங்கதான் அரிக்கும்" என்றார் பெயின்டர். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தை எவன் ஒழுங்காக அடிக்கிறானோ அவன்தான் பெயின்டர். அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அவளும் ஆயிரம் தடவை 'ம்' கொட்டியிருக்கிறாள்.

கச்சேரி நாள் காலை எல்லாவற்றையும் மறுபடி பொருத்திக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்துவிட்டான். லீவு நாள்தான், ஆனாலும் அவன் தலை தெருமுனையில் தெரிந்ததும் பெயின்டர் "எனக்கு வேலை இருக்கு" என்று பட்டறைக்குக் கழன்றுகொண்டார். தம்பி பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் சுருங்கியது.

"இது அந்தக் கார் கலர்தானே?"

"எந்தக் கார்?" என்றாள் அக்கா. நிஜமாகவே அவளுக்கு அதுவரை உறைக்கவில்லை.

"எந்தக் காரா? என்னைப் பட்டறையை விட்டுத் துரத்தின கார். என்ன, குத்திக் காட்டுறாரா உன் வீட்டுக்காரர்?"

"போடா, கிறுக்கா. அழகா இருக்குன்னு அடிச்சிருப்பார்" என்று மழுப்பினாள். ஆனால் உள்ளுக்குள் திக்கென்றது. அந்த நேரம் பார்த்துத்தான் பெடலும் காலை வாரிவிட்டது.

"சரி, வேடிக்கை பார்த்தா ஆகாது. கழட்டுவோம்" என்று அக்கா மேஜை முன் உட்கார்ந்தாள்.

முதலில் பேட்டரி. எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். சுரீர் என்றது, அதில் உயிர் இருக்கிறது. அடுத்து வயர்களை மாற்றிப் பார்த்தாள். இரைச்சல் அப்படியே இருந்தது. போர்டை வெளியே எடுத்து, கிளிப் வயர்களால் கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் நேராகப் போர்டிலேயே கவ்வவிட்டாள். "இப்ப வாசி."

கிடார் கரகரவென்று எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வாசித்தான். "அக்கா! இதுதான்க்கா! எந்தக் கடைப் பெடல்லயும் இது கிடையாது!"

எதிர்ப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் மெஷின் சட்டென்று நின்றது. வாசிப்பு ஓய்ந்ததும் மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்கா காதில் அது விழுந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

போர்டைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடினாள். மிதித்தான். ம்ம்ம்ங்ங்.

மறுபடி வெளியே எடுத்தாள். பாடியது. உள்ளே வைத்தாள். முரண்டு பிடித்தது. இப்படியும் உண்டா? "போர்டோட அடிப்பக்கம் பெட்டியில தட்டுது போல" என்று ஒரு செருப்புப் பெட்டியின் அட்டையை வெட்டி அடியில் வைத்தாள். ம்ம்ம்ங்ங். "உள்ள வைக்கும்போது ஏதோ ஒரு ஒயர் இழுபடுது" என்று ஒவ்வோர் ஈயப் பொட்டையும் மறுபடி சூடு காட்டி உருக்கினாள். ம்ம்ம்ங்ங். அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"பெட்டிக்கும் உன் வீட்டுக்காரரைக் கண்டா பயம் போல. உள்ள போனா வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றான் தம்பி.

"டேய், நேரங்காலம் தெரியாம ஜோக்கடிக்காதே."

அவன் ஜோக்கை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துக் கிடாரை உறைக்குள் போட ஆரம்பித்தான். அதுதான் அவளுக்குப் பகீரென்றது.

"விடுக்கா. நீயும் எவ்வளவு நேரம்தான் போராடுவே. எங்க டிரம்மருக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்ட பெடல் இருக்காம். கேட்டு வாங்கிக்கறேன். இது... இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

இன்னொரு நாளாவது, மண்ணாவது! அவளுக்குத் தெரியாதா? இந்தப் பெட்டி இல்லாமல் இவன் படியிறங்கினால் மறுபடி பஸ் ஸ்டாண்டுதான். எதிரே மனுஷன் பாலிஷ் போடுகிற மாதிரி நடித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருக்கிறார். தான் அடித்த பெட்டியை விட்டுவிட்டு இவன் வெறும் கையோடு போவதைப் பார்த்தால், 'ஓஹோ, நான் தொட்டது வேண்டாமா?' என்று இன்னொரு பூட்டைப் போட்டுக்கொள்வார். அதைத் திறக்க எந்த ஸ்க்ரூ டிரைவரும் கிடைக்காது.

"உட்காருடா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். சின்ன வயதில் அந்தக் குரலுக்குப் பயந்தே வளர்ந்தவன், பட்டென்று உட்கார்ந்துவிட்டான். "கிடாரை எடு. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வாசி."

"ஆஃப்ல பெடல் வேலையே செய்யாதே."

"அதுதான் வேணும். வாசி."

ஆஃப் செய்துவிட்டால் போர்டுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கிடார் இந்தத் துளையில் நுழைந்து அந்தத் துளை வழியே சாதுவாக வெளியே போக வேண்டியதுதான். அவன் வாசித்தான்.

ம்ம்ம்ங்ங்.

அக்கா நெற்றியில் அறைந்துகொண்டாள். "அடச்சே! இதை முதல்லயே பண்ணியிருக்கணும். போர்டு மேல சந்தேகப்பட்டுப்பட்டே பொழுதைப் போக்கிட்டேன். போர்டுல ஒரு குத்தமும் இல்லைடா!"

மல்டிமீட்டரை எடுத்தாள். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் கரண்ட் போக வழி இருந்தால் 'பீப்' என்று கத்தும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒரு முனையைக் கிடார் செருகும் ஜாக்கின் உலோகத்தில் வைத்தாள், மறுமுனையை ஆம்ப்ளிஃபயர் ஜாக்கின் உலோகத்தில் வைத்தாள். சத்தமில்லை. ஜாக்கிலிருந்து பெட்டிக்கு வைத்தாள். சத்தமில்லை. நகத்தால் பெட்டியின் உள்சுவரைத் தட்டினாள். அழகான, வழவழப்பான நீலம்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிட்டாள்.

கிடாரிலிருந்து சத்தம் போக ஒரு வழி வேண்டும், திரும்பி வர ஒரு வழி வேண்டும். திரும்பி வரும் வழிக்குப் பெயர் எர்த். இரண்டு ஜாக்குக்கும் நடுவில் எர்த்துக்கு ஒரு வயர் போட வேண்டியதை அக்கா போடவில்லை. பெட்டியே அலுமினியம், அதுவே வயர், தனியாக ஒன்று எதற்கு என்று கெட்டிக்காரத்தனமாக விட்டுவிட்டாள். கம்பெனியில் அவள் பார்த்த மீட்டருக்கெல்லாம் பிளாஸ்டிக் பெட்டிதான். உலோகப் பெட்டியில் அவள் செய்த முதல் வேலை இது, அந்தப் பெருமையில் வயரை மிச்சம் பிடித்தாள். வெறும் அலுமினியமாக இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அப்புறம் ஒரு மனுஷன் வந்து மூலை முடுக்கு விடாமல், துளையின் ஓரம்கூட விடாமல், உயிரைக் கொடுத்துப் பெயின்ட் அடித்தார். பெயின்ட்டில் கரண்ட் போகாது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் நீட்டிய முதல் கை. அந்தக் கைதான் பெட்டியின் வாயைப் பொத்தியிருக்கிறது. இதை இவனிடம் எப்படிச் சொல்வது? அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டே?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஒயர் விட்டுப்போச்சு" என்றாள். பாதி உண்மை. ஒரு துண்டு வயரை வெட்டி இரண்டு ஜாக்கையும் இணைத்து ஒட்டினாள். யாருக்கும் தெரியாமல் விஷயத்தை முடித்துவிடலாம் என்று கணக்கு. மிதித்தான். கிடார் வந்தது! ஆனால் அதோடு சேர்ந்து கொசு மாதிரி ஒரு ரீங்காரமும் வந்தது. காலைப் பக்கத்தில் கொண்டுபோனால் கொசு பெருத்தது, எடுத்தால் இளைத்தது.

"இது என்ன கூடவே பாடுது?"

ஏன் என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்கும் எர்த் கிடைத்தால்தான் அக்கம்பக்கத்து லைட், ஃபேன் எல்லாவற்றின் இரைச்சலையும் அது வெளியிலேயே தடுத்து நிறுத்தும். இப்போது பெட்டி அனாதையாக நிற்கிறது. அதாவது, பெயின்ட்டைச் சுரண்டியே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

சொன்னாள். குரலைத் தாழ்த்தி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னாள்.

தம்பியின் உதடு கோணியது. "அதானே பார்த்தேன். வேணும்னே..."

"வாயை மூடுடா!" அக்காவுக்கு வந்ததே கோபம். "வேணும்னே பண்றவரா? வந்த கார் ரெண்டை ஓரங்கட்டி வச்சிட்டு இதை அடிச்சார். லைட் வச்சுக் காய வச்சார். தூசி படக்கூடாதுன்னு அவரோட சாப்பாட்டு அலமாரியில வச்சுப் பூட்டினார், தெரியுமா உனக்கு? 'மாப்ளேக்கு'ன்னு வாய்ல வரல. கையில வந்துச்சு. அதைப் புரிஞ்சுக்கத் துப்பில்ல உனக்கு!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பெட்டியை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினான்.

"ஏன்க்கா, உள்ளதானே சுரண்டணும்? வெளிய தெரியாதுல்ல?"

"தெரியாது. ஜாக் உட்கார்ற துளையைச் சுத்தி ஒரு வளையம். அவ்வளவுதான்." அவள் காய் வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். ஆனால் கை போகவில்லை.

"குடு இங்க" என்று கத்தியை அவன் வாங்கிக்கொண்டான். "நீ சுரண்டினா உன் மேல கோவப்படுவார். நான் ஏற்கெனவே கெட்ட பேர் வாங்கினவன். எனக்கு இன்னொண்ணு கூடினா என்ன?"

போர்டையும் ஜாக்குகளையும் கழற்றி வெளியே வைத்தார்கள். தம்பி வெறும் பெட்டியை இடது கையில் பிடித்தான். கத்தி முனையை உள்ளே விட்டான்.

பாலிஷ் மெஷின் எப்போதோ நின்றுபோயிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"கத்தியை வை" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

தோளில் பாலிஷ் துணியோடு பெயின்டர் நின்றுகொண்டிருந்தார். தம்பி கையில் கத்தி, கத்தி முனையில் அவருடைய பெயின்ட்.

"நான்தாங்க சொன்னேன், அவனா பண்ணல" என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். "உங்க பெயின்ட்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் புத்திசாலித்தனமா ஒரு ஒயரை மிச்சம் பிடிச்சேன். பெட்டி வழியா எர்த் போகணும், உள்பக்கம் பெயின்ட் இருக்கிறதால போகல, அதான், ஒரே ஒரு வளையம் மட்டும்..."

பெயின்டர் உள்ளே வந்தார். பெட்டியைத் தம்பியின் கையிலிருந்து வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய் உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார்.

"உள்பக்கம் அடிச்சதுதான் கோளாறா?"

அக்கா தலையாட்டினாள்.

"அப்போ நான் பாதி வேலை பண்ணியிருந்தா இது ஒழுங்கா பாடியிருக்குமா?"

"ம்" என்றாள் அக்கா, கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில்.

பெயின்டரின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெயின்ட் சரியில்லன்னு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவங்க உண்டு. பெயின்ட் ரொம்ப நல்லா இருக்குன்னு வேலை கெட்டுப்போனது இதுதாண்டி முதல் தடவை!"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பெயின்டர் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்தார். மேஜை மேல் கிடந்த பென்சிலில் அதை இறுக்கமாகச் சுற்றினார். "கத்தி போட்டா செதில் செதிலா உரிஞ்சு வெளிப்பக்கமும் வந்துடும். இதால தேய்க்கணும். வட்டமா, அழுத்தாம." பென்சிலைத் தம்பியிடம் நீட்டினார். "இந்தா. நீயே தேய்."

"நானா?"

"உனக்குத்தானே என் பெயின்ட்டைக் கீறிப் பழக்கம்?"

அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இது கேலியா, பழைய கணக்கா? தம்பிக்கும் அது விளங்கவில்லை போலிருக்கிறது. அவர் முகத்தையே பார்த்தான். பெயின்டரின் மீசை ஓரத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் தம்பிக்கும் சிரிப்பு பீறிட்டது. பென்சிலை வாங்கிக்கொண்டான்.

தேய்த்தான். பெயின்டர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தூள் மேஜையில் உதிர்ந்தது. ஒரு துளையைச் சுற்றி வளையம் வெளுத்தது, அப்புறம் அடுத்த துளை.

"போதுமா மாமா?"

சொன்னது அவனுக்கே தெரியவில்லை. வேலை மும்முரத்தில் வாய் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அக்கா சட்டென்று திரும்பி, ஒன்றுமில்லாத அடுப்பில் எதையோ பார்ப்பது மாதிரி நின்றுகொண்டாள்.

பெயின்டர் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், மாப்ளே. பளிச்சுனு உலோகம் தெரியணும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து மல்டிமீட்டரை வைத்தாள். பீப் என்றது. இத்தனை வருஷத்தில் கம்பெனியில் அவள் கேட்ட பீப்பெல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு பீப் ஒரு பக்கம். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பொருத்தினாள். ஜாக்கின் நட்டை முடுக்கும் வேலையை ஆர்வக் கோளாறில் தம்பி பிடுங்கிக்கொண்டான். கடைசிச் சுற்றில் ஸ்பானர் வழுக்கியது. கர்ரக். பெட்டியின் வெளிப்பக்கத்தில், நன்றாகக் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு கோடு.

மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். தம்பி ஸ்பானரைக் கீழே போட்டான். "மாமா... சாரி மாமா. சத்தியமா கை வழுக்கிடுச்சு." போன வருஷமே சொல்லியிருக்க வேண்டியதும் அதில் சேர்ந்தே வந்தது.

"முதல்ல சத்தம் வருதா பாரு" என்றார் பெயின்டர்.

தம்பி வயர்களைச் செருகினான். மிதித்தான். கம்பியில் விரலை வைத்தான். கொசு இல்லை, குறட்டை இல்லை. கிடார் கரகரத்து எழுந்து வீடு முழுக்க நிறைந்தது. மாடிப்படியில் யாரோ நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா" என்றாள். மறுபடியும் "அப்பாடா" என்றாள்.

வாசிப்பு நின்றதும் பெயின்டர் பெட்டியைக் குனிந்து எடுத்தார். கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். "ஆழமில்ல. பட்டறைக்கு எடுத்துட்டு வா, தொட்டு விடறேன். லைட் வச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

"அந்தக் கலர் இன்னும் மிச்சம் இருக்கா மாமா?"

"உன் புண்ணியத்துல அந்தக் கதவை ரெண்டாவது தடவை அடிச்சேனே. நிறையக் கலக்கிட்டேன். நான் கலக்கினதிலேயே நல்ல கலர் அது. தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டார்.

அக்கா ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு பேரும் தெருவைத் தாண்டினார்கள். பெயின்டர் விறுவிறுவென்று பட்டறைக்குள் போய்விட்டார். தம்பி, தோளில் கிடாரும் கையில் பெட்டியுமாக, வாசலில் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஒரு கார், கதவெல்லாம் புதுப் பெயின்ட் மினுங்க நின்றது. அவன் கால் அந்த வாசலைத் தாண்ட மறுத்தது.

பெயின்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே, வாசல்லயே நிக்கிறே?" தெருவுக்கே கேட்டது அந்தக் குரல். வெளியே வந்தார். தம்பியின் கையைப் பிடித்தார். பிடித்து இழுத்தார்.

"உள்ள வா. கிடாரை மட்டும் என்கிட்ட குடுத்துடு."